பிரான்சு கிராமத்தில் ஒரு கைவேலைப் பயிற்சி வீடு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 செப்டம்பரில் நம் கூட்டமைப்பின் சார்பாக நாங்கள் இரண்டு பேர் பிரான்சு நாட்டுக்குப் போய் வந்தோம். ஒருவர் களப்பணியாளர், இன்னொருவர் ஆரி வேலை செய்யும் குழு உறுப்பினர். திரும்பி வந்ததிலிருந்து எல்லாரும் ஈஃபில் கோபுரம் பார்த்தீங்களான்னுதான் கேட்கறீங்க. பார்த்தோம், ரயிலுக்குப் போற வழியில தூரத்திலிருந்து. நாங்கள் போனது அதற்காக இல்லை. ஒரு கிராமத்து வீட்டிலே பெண்கள் ஒரு வாரம் தங்கி நூல், துணி, சாயம், தையல் என்று கற்றுக்கொள்ளும் பயிற்சி எப்படி நடக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் போனோம். இன்றைக்கு அதை மட்டும் பேசுகிறோம்.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிசிலிருந்து லிமோஜ் போகும் ரயிலில் ஏறி, லா சூத்தரேன் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். அது க்ரேஸ் மாவட்டம். பாறையும் புல்வெளியும் காடும் மாடுகளுமாக இருக்கும். ஆனால் மனிதர்களைத்தான் காணோம். 1851-ல் அந்த மாவட்டத்தில் 2,87,000 பேர் வாழ்ந்தார்கள். இப்போது சுமார் 1,15,000 பேர்தான். அந்தக் காலத்தில் க்ரேஸ் ஆண்கள் கொத்தனார் வேலைக்குப் பெயர் போனவர்கள். வசந்த காலத்தில் கூட்டமாகப் பாரிசுக்கு நடந்தே போய்க் கட்டட வேலை செய்துவிட்டுக் குளிர் காலத்தில்தான் திரும்புவார்களாம். அதுவரை நிலம், மாடு, பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாம் பெண்கள் தலையில். பிறகு போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன.

பூட்டிக் கிடக்கும் வீட்டை வருமானமாக்கலாம் என்ற யோசனை அந்த நாட்டில் பழையது. விவசாயக் குடும்பங்கள் தங்கள் உபரிக் கட்டடத்தைப் பழுது பார்த்து, நகரத்திலிருந்து வருபவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் முதல் 'ஜீத்' 1951-ல் தொடங்கியது. 1955-ல் அந்த வீடுகளுக்கு ஒரு கூட்டமைப்பே வந்துவிட்டது. ஆமாம், நம்மைப் போலவே கூட்டமைப்பு! வீட்டுக்குத் தரம் பார்த்துச் சான்று தருவது, விளம்பரம் செய்வது எல்லாம் அதன் வேலை.

நாங்கள் தங்கிய வீடு இன்னொரு வகை. வீட்டுக்காரரும் அதே வீட்டில் வாழ்ந்து, அறைகளை மட்டும் விருந்தினருக்குத் தருவது. இதற்கு 'ஷாம்பர் தோத்' என்று பெயர். சட்டம் தெளிவாக இருக்கிறது. 5 அறைக்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் கூடாது. ஊராட்சி அலுவலகத்தில் அறிவித்துப் பதிய வேண்டும். படுக்கை விரிப்பும் காலை உணவும் அறை வாடகையிலேயே அடக்கம். இரவு உணவும் போடலாம், ஆனால் ஓட்டல் மாதிரி இல்லை. எல்லாருக்கும் ஒரே சமையல், வீட்டு மேசையிலே உட்கார்ந்து சாப்பிடணும். அதாவது குடும்பமாக நடத்தும் அளவுக்குத்தான் அனுமதி, அதற்கு மேலே போனால் நீ ஓட்டல்காரர், ஓட்டல் விதிக்கு வா என்கிறது சட்டம்.

வீட்டு அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பழைய பண்ணை வீடு. மாட்டுத் தொழுவமாக இருந்த நீளமான கட்டடத்தைப் பயிற்சிக் கூடமாக மாற்றியிருக்கிறார். ஜூலை, ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறார். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில்தான் பயிற்சி வாரங்கள். குளிர் காலத்தில் பூட்டு. அவ்வளவு பெரிய கல்வீட்டைச் சூடாக வைக்க விறகு வாங்கிக் கட்டாது என்றார்.

சனிக்கிழமை மாலை ஆறு பெண்கள் வந்தார்கள். மூன்று பேர் இங்கிலாந்து, இரண்டு பேர் பிரான்சு, ஒருவர் நெதர்லாந்து. ஒருவரைத் தவிர எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டு அம்மாவே ஸ்டேஷனுக்குக் காரில் இரண்டு நடை போய்க் கூட்டிவந்தார். பேருந்தை நம்பி அங்கே யாரும் போக முடியாது. கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் தனி. அவர் வெளியூர்ப் பெண், வாரச் சம்பளத்துக்கு வருபவர். இடம் ஒருவருடையது, வித்தை இன்னொருவருடையது. இந்த ஏற்பாட்டை ஞாபகத்தில் வையுங்கள், பின்னாடி கணக்கில் வரும்.

பாடம் என்னவென்று கேட்பீர்கள். அந்த வாரம் இயற்கைச் சாயமும் பழைய துணியில் தையலும். சாயத்துக்கு மஞ்சளாக 'கோத்' என்ற செடி, சிவப்புக்கு மஞ்சிட்டி வேர் (நம்ம நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு), பழுப்புக்கு வால்நட் காயின் பச்சைத் தோல், நீலத்துக்குப் 'பஸ்தெல்' இலை. கம்பளி நூலை முதலில் படிகாரத் தண்ணீரில் மெதுவாகச் சூடாக்கிச் சாயம் பிடிக்கத் தயார் செய்கிறார்கள். கம்பளியைச் சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டாலோ போட்டுக் கசக்கினாலோ இழை ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தையே தொழிலாக்கியதுதான் ஃபெல்ட் வேலை. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து நெய்யாமலே துணியாக்குவது. அதற்கு வேறொரு வாரம் வைத்திருக்கிறார்.

சாயப் பாத்திரம் எல்லாம் முற்றத்தில், தனி அடுப்பில். ஒவ்வொரு பாத்திரத்திலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. அந்தக் கோடு போட்ட பாத்திரமும் கரண்டியும் என்றைக்கும் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. சாயம் போடும் குழு உறுப்பினர்கள் இங்கே யாராவது இருந்தால் இதை இன்றைக்கே வீட்டில் செய்துவிடுங்க, பெயின்டு செலவு பத்து ரூபாய்.

தையலுக்கு எடுத்த துணிதான் எங்களை அசத்தியது. பழைய லினன் படுக்கை விரிப்புகள். ஒரு காலத்தில் அந்த நாட்டில் பெண்ணுக்குச் சீராக டஜன் கணக்கில் விரிப்பும் துண்டும் கொடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் கிராஸ் ஸ்டிச்சில் அவள் பெயரின் முதல் எழுத்துகள். அந்த எழுத்து போடப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கினார்கள். 1882-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேலை ஒரு பாடம் என்று எழுதியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்கு ஊசி! இப்போது அந்தப் பாட்டிமார் போய்விட்டார்கள், பேத்திகளுக்கு இஸ்திரி போட நேரம் இல்லை, விரிப்புகள் பழைய சாமான் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. வீட்டு அம்மா சந்தை சந்தையாக அலைந்து வாங்கி வைத்திருக்கிறார். ஒருவர் அந்த எழுத்தைச் சுற்றியே பூ போட்டார். இன்னொருவர் ஓட்டை விழுந்த இடத்தைச் சாயம் போட்ட நூலால் பின்னி அடைத்து, அடைத்தது தெரியட்டும் என்று பளிச்சென்ற மஞ்சள் நூலையே எடுத்தார்.

இனி பயிற்சியாளர் செய்த வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் நம் கூட்டமைப்பிலும் மாஸ்டர் ட்ரெய்னர்கள் இருக்கிறார்கள்.

அவர் வருவதற்கு ஆறு வாரம் முன்பே எல்லாருக்கும் ஒரு தாள் அனுப்பியிருந்தார். ஊசி பிடித்த பழக்கம் உண்டா, எத்தனை மணி நேரம் உட்கார முடியும், கண்ணாடி போடுவீர்களா, விரலில் மூட்டு வலி உண்டா, இந்த ஐந்து நாளில் என்ன செய்து எடுத்துப் போக ஆசை? இவ்வளவுதான் கேள்வி. பதிலைப் பார்த்துத்தான் மேசை போட்டார். விரல் வலி உள்ளவருக்குப் பருமனான பிடி போட்ட ஊசி, கண்ணாடி போடுபவருக்கு ஜன்னல் பக்கம், எல்லாருக்கும் தனி விளக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஊசி கிடையாது. கருப்பு நூலும் கருநீலமும் காலையில் மட்டும்தான்.

பாடத்தை எப்படிப் பிரித்தார் என்று பாருங்கள். முதல் அரை நாளிலேயே எல்லார் கையிலும் முடிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். உள்ளங்கை அளவுத் துண்டுதான், ஒரு நிறம், ஒரு தையல். அதைச் சுவரில் கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டிவிட்டார். "முதல் நாள் முடிந்தது என்று ஒன்று கண்ணில் தெரிந்தால்தான் இரண்டாம் நாள் தைரியமாகக் கெடுத்துப் பார்ப்பார்கள்" என்றார். பெரிய வேலையை ஐந்து நாளில் முடிகிற அளவுக்குத்தான் கொடுத்தார். ஒருவர் மேசை விரிப்பு முழுக்கப் போடுவேன் என்று அடம் பிடித்தபோது, ஒரு மூலையை மட்டும் போடுங்கள், மற்ற மூன்று மூலை வீட்டில் என்று மடக்கினார். வேகமாகச் செய்பவருக்குக் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டியில் உபரி வேலை வைத்திருந்தார். மெதுவாகச் செய்பவர் பக்கத்தில் போய் நிற்கவே மாட்டார், தூரத்திலிருந்தே பார்ப்பார். பக்கத்தில் நின்றால் கை நடுங்குமாம்.

காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை, மதியம் இரண்டரையிலிருந்து ஐந்தரை. புதன்கிழமை பாடம் இல்லை. ஓபுசோன் என்ற ஊருக்கு எல்லாரையும் அழைத்துப் போனார்கள். அங்கே கம்பளி நூலில் படம் நெய்யும் கலை ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. 2009-ல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது, 2016-ல் அதற்கென்று பெரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். தறி கிடையாக இருக்கிறது. நெய்பவர் பின் பக்கத்தைப் பார்த்துத்தான் நெய்கிறார். மாதக் கணக்கில் நெய்தாலும் முன் பக்கம் முழுசாக எப்படி வந்திருக்கிறது என்பது தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாளில்தான் தெரியும். பக்கத்து ஊர் ஃபெலத்தேனில் நூல் நூற்கும் ஆலையையும் பார்த்தோம்.

புதன்கிழமை ஏன் விடுமுறை என்று நினைக்கிறீர்கள்? கற்பவர் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு, அது ஒன்று. அன்றைக்குத்தான் வீட்டு அம்மா எல்லா அறையையும் கழுவி, துண்டு மாற்றி, அடுத்த மூன்று நாளுக்கு மளிகை வாங்குகிறார். எங்களில் ஒருவர் அன்று ஓபுசோன் போகாமல் பின் தங்கி அவரோடேயே இருந்தோம். அந்த ஒரு நாளில்தான் இந்தத் தொழிலின் உள்பக்கம் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு ரொட்டி வாங்கக் கார் எடுக்கிறார். எட்டு மணிக்குக் காலை உணவு. பாத்திரம். மதியச் சமையல், பாத்திரம். ஏழரைக்கு இரவு உணவு, மூன்று வகை வைக்கணும், அவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடணும், ஏனென்றால் விருந்தினர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு இறைச்சி ஆகாது, ஒருவருக்குப் பால் ஆகாது, ஒருவருக்குக் கோதுமை ஆகாது. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் முடியும். இதில் யாராவது ஒருவருக்குத் தலையணை சரியில்லை. படத்தில் பார்க்கும்போது மரத்தடி மேசை, பூ ஜாடி, சிரித்த முகம் எல்லாம் அழகுதான். படம் எடுக்காத இடம் சமையலறை.

அவர் கணக்கு நோட்டை எங்களுக்குக் காட்டினார். தலைப்புகளை மட்டும் எழுதிக்கொண்டோம். தொகையை நாங்கள் மாற்றி முழு எண்ணாக்கியிருக்கிறோம், ஒருத்தர் வீட்டு வருமானத்தை மேடையில் சொல்வது முறையில்லை. ஆகவே இதை ஒரு மாதிரிக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் வருகிறார்கள், தலைக்கு 950 யூரோ. வரவு 5,700. பயிற்சியாளர் சம்பளம் 1,200, அவர் பயணச் செலவு 250. எட்டுப் பேருக்கு ஆறு நாள் சாப்பாடு, நாளுக்கு 18 யூரோ வீதம் 864. நூல், சாயம், துணி 300. மின்சாரம், தண்ணீர், சலவை 250. கார் 150. காப்பீடு, விளம்பரத்தில் இந்த வாரத்தின் பங்கு 300. இதுவரை 3,314. அப்புறம் அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பணம். சின்னத் தொழில் என்று பதிந்தவர்களுக்கு அங்கே இதை லாபத்தின் மேல் போடுவதில்லை, மொத்த வரவின் மேல் போடுகிறார்கள். செலவைக் கழிக்க முடியாது. தங்க வைப்பதற்கு ஒரு விகிதம், கற்றுக்கொடுப்பதற்கு வேறு விகிதம். சராசரியாக நூற்றுக்கு 16 என்று வைத்தால் 912. ஆக மிச்சம் 1,474 யூரோ.

நம்ம ஊர் ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஆன்னு வாயைப் பிளக்காதீங்க. இப்பதான் முக்கியமான வரி வருது. வீட்டு அம்மா உழைத்த மணி. நாளுக்கு 12 மணி வீதம் ஏழு நாள், 84. முன்னால் இரண்டு நாள் ஏற்பாடு, பின்னால் இரண்டு நாள் கழுவல், நாளுக்கு 8 மணி, 32. மொத்தம் 116 மணி. 1,474-ஐ 116-ஆல் வகுத்தால் மணிக்கு 12 யூரோ 70 காசு. அந்த நாட்டில் 2024 நவம்பரில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 11 யூரோ 88 ஆக்கினார்கள். வீட்டுக்காரி, முதலாளி என்று பெயர் வாங்கிய அந்த அம்மாவுக்குக் கிடைப்பது கூலி ஆள் சம்பளத்தைவிட ஒரு யூரோவுக்கும் குறைவாகத்தான் கூட. கூரை ஒழுகினால் அதுவும் அதிலிருந்துதான்.

ஆறு பேருக்குப் பதில் நாலு பேர் வந்தால்? வரவு 3,800. சாப்பாடு, நூல், சலவை கொஞ்சம் குறையும். பயிற்சியாளர் சம்பளம் குறையாது, காப்பீடு குறையாது. நாங்கள் போட்டுப் பார்த்ததில் மிச்சம் 244 யூரோ. மணிக்கு இரண்டு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பேர் வராமல் போனால் ஆறில் ஐந்து பங்கு லாபம் போய்விடுகிறது. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் நாலு வருடம் அந்த மணிக் கணக்கை எழுதவே இல்லை என்றார் அந்த அம்மா. மிச்சம் வந்தது, சந்தோஷமாக இருந்தேன் என்றார். பயிற்சியாளர் சம்பளம் செலவு, மின்சாரம் செலவு, ரொட்டி செலவு. தன் கை மட்டும் செலவில் வராது. அது வீட்டு வேலை! ஒரு வருடம் இடுப்பு வலியால் படுத்தபோது, சமையலுக்கும் சலவைக்கும் ஆள் வைத்தார். அந்த வாரம் கையைக் கடித்தது. அதற்குப் பிறகுதான் நோட்டில் 'நான்' என்று ஒரு தலைப்புப் போட்டு மணிக்கு இவ்வளவு என்று எழுத ஆரம்பித்திருக்கிறார். கட்டணத்தையும் ஏற்றினார். சில பழைய ஆட்கள் வரவில்லை, பரவாயில்லை என்கிறார். நம் குழுக்களில் ஊறுகாய்க்கும் மசாலாவுக்கும் விலை போடும்போது மிளகாய் விலை தெரியும், எண்ணெய் விலை தெரியும், அரைத்தவள் மணிக் கணக்கு எந்த நோட்டிலாவது இருக்கிறதா? நாங்கள் பார்த்த நோட்டுகளில் அரிது.

முன்பணம் பற்றி ஒரு விஷயம், இது சட்டம், கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே முன்பணத்தில் இரண்டு வகை. ஒன்று 'ஆர்', இன்னொன்று 'அகோம்த்'. ஆர் என்று வாங்கினால், வருகிறேன் என்றவர் வராவிட்டால் அந்தப் பணம் போச்சு. வீட்டுக்காரர் நடத்த மாட்டேன் என்று கைவிட்டாலோ வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். அகோம்த் என்றால் முதல் தவணை மாதிரி. இரண்டு பக்கமும் பின்வாங்க முடியாது, முழுத் தொகைக்கும் பொறுப்பு. எந்த வகை என்று எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஆர் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு சொல்லில் இவ்வளவு பணம் இருக்கிறது. அந்த அம்மா ரசீதிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார், அதற்குக் கீழே எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திருப்பம் என்றும்.

இன்னொன்று. தங்குமிடத்தையும் பயிற்சியையும் ஒரே விலையில் கட்டி விற்றால் அது சுற்றுலாத் தொகுப்பாகக் கணக்காகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்படி விற்பதற்கு அரசுப் பதிவும், வாங்கிய பணத்துக்கு உத்தரவாதமும் வேண்டும். அவர் வாங்கி வைத்திருக்கிறார். இங்கிலாந்திலிருந்து பயிற்சியாளர் அழைப்பதும் 2021-லிருந்து முன்பு போல இல்லை, அவர்கள் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டதால் வேலைக்கு வர அனுமதி தேவையா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கணும். இதற்கு மேல் சட்டம் பேசினால் தூங்கிடுவீங்க.

வியாழக்கிழமை மதியம் ஒன்று நடந்தது. எங்களோடு வந்த உறுப்பினர் தன் ஆரி ஊசியையும் சட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து சங்கிலித் தையல் ஓட்டினார். பிரான்சுக்காரப் பெண் ஒருவர் ஓடிவந்து, "இது எங்க லூனவில்!" என்றார். லூனவில் என்பது அந்த நாட்டின் கிழக்கே ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு கொக்கி ஊசி இருக்கிறது, பாரிசில் விலை உயர்ந்த உடுப்புகளுக்கு மணி பதிப்பது அதில்தான். சட்டத்தில் துணியை இறுக்கிக் கொக்கியால் நூலை இழுக்கும் இந்த முறையே ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஆட்கள் துணியின் நல்ல பக்கத்தைப் பார்த்து மேலே மணி வைக்கிறோம். லூனவில் முறையில் துணியின் பின் பக்கம் மேலே இருக்கும், மணி கீழ்ப்பக்கம் தானாகப் பதியும், கண்ணால் பார்க்காமலே. இரண்டு பேரும் மாறி மாறிச் செய்து காட்டினார்கள். பாஷை தேவைப்படவில்லை.

ஒரு மணி நேரம் ஆனதும் இங்கிலாந்துப் பெண் ஒருவர் கேட்டார். "ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்க நீங்கள் மணிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?" நம் உறுப்பினருக்கு ரவிக்கைக் கழுத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு, மணி வைத்தால் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பதினோரு பெண்களுக்குத் தன் வீட்டுத் திண்ணையில் கற்றுக் கொடுத்தவர். "அதுக்கு எப்படிக்கா காசு வாங்குறது, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க" என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்த மேசையில் யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் மட்டும், "எனக்கும் பத்து வருடம் அப்படித்தான் இருந்தது" என்றார்.

சகோதரிகளே, இதில் ஒரு பழைய கதை இருக்கிறது, அது நம் கடற்கரைக் கதை. பிரான்சுக்காரர்கள் 1674-லிருந்து புதுச்சேரியில் வியாபாரம் செய்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன, கையால் எழுதி அச்சிட்ட பருத்தித் துணியில் அந்த நாடே மயங்கிப் போனது. தோய்த்தாலும் சாயம் போகாத அப்படிப்பட்ட பருத்தித் துணியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. தங்கள் பட்டு, கம்பளித் தொழில் படுத்துவிடும் என்று 1686-ல் அரசு அந்தத் துணியைத் தடை செய்தது. 73 வருடம் கழித்து, 1759-ல்தான் தடை நீங்கியது. அடுத்த வருடமே பாரிசுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் என்பவர் அச்சுத் துணி ஆலை தொடங்கிப் பெரும் பணம் பார்த்தார். நீலமும் அப்படித்தான். அவர்களுடைய பஸ்தெல் இலையிலும் நம் அவுரியிலும் இருப்பது ஒரே நீலம், ஆனால் அவுரியில் அதிகம். பஸ்தெல் விவசாயிகளைக் காப்பாற்ற 1609-ல் அவுரி பயன்படுத்தினால் மரண தண்டனை என்றே ஒரு ராஜா உத்தரவு போட்டார். அதுவும் நிற்கவில்லை.

சாயம் போகாத அந்த வித்தை அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு வழி, நம் ஆட்களிடமே கேட்டுத்தான். 1730-களில் புதுச்சேரியில் ஒரு கடற்படை அதிகாரி சாயத் தொழிலாளிகளின் வேலையைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணித் துண்டு வெட்டி வைத்து எழுதினார். 1742-ல் கேர்தூ என்ற பாதிரியார், தன்னிடம் கிறித்தவர்களாகியிருந்த துணி எழுதும் கைவினைஞர்களிடம் விசாரித்து, கடுக்காய், எருமைப் பால், சாயவேர், படிகாரம் என்று முறையை முழுசாக எழுதிப் பிரான்சுக்குக் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதம் அச்சாகி, இன்றைக்கும் கேர்தூ கடிதம் என்றுதான் அறியப்படுகிறது. சொல்லிக் கொடுத்தவர்கள் கடிதம் என்று யாரும் சொல்வதில்லை.

அந்தக் கதையை நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் சொன்னோம். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளட்டும் என்று. பயிற்சியாளர் தன் பாடக் குறிப்பில் பருத்திக்குக் கடுக்காய் என்று எழுதியிருந்த இடத்தைத் திறந்து, பக்கத்தில் சோழமண்டலம் என்று எழுதிக்கொண்டார். வீட்டு அம்மா ஒரு காரியம் செய்தார். பார்வையாளராக விசாவில் வந்தவருக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த முறை முறையான வேலை அனுமதியோடு ஆரிக்கு ஒரு வாரம் வைப்போமா என்று கேட்டு, பயிற்சியாளருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை ஒரு தாளில் எழுதி நம் உறுப்பினர் கையில் கொடுத்தார். அது நடக்குமா என்பது விசா, பயணச் செலவு, மொழி என்று பல விஷயத்தைப் பொறுத்தது. நடக்கும் என்று உங்களிடம் ஆசை காட்ட நாங்கள் விரும்பவில்லை.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். 950 யூரோ கொடுத்து ஒரு வாரம் ஊசி பிடிக்க வருகிறவர்கள் வசதி உள்ளவர்கள். அந்த ஊர் விவசாயி மனைவி ஒருத்திகூட அந்த வாரம் மேசையில் இல்லை. வீட்டு அம்மாவே அதைச் சொல்லி வருத்தப்பட்டார். நவம்பரில் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் சனிக்கிழமை மதியங்களில் கட்டணம் இல்லாமல் கூடத்தைத் திறந்து விடுகிறார், அவரவர் விறகு கொண்டுவர வேண்டும். தனியாகவே எல்லாம் செய்கிறார், உடம்பு முடியாமல் போனால் தொழில் நின்றது. குழு என்ற ஒன்று அவருக்கு இல்லை. நம் உள்கடன் முறையைச் சொன்னபோது, பத்துப் பெண்கள் மாதா மாதம் சேர்ந்து உட்காருவீர்களா என்று அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நம் உறுப்பினர் திரும்பி வந்த பிறகு, ஆரி பழக வருபவர்களுக்கு மாதம் ஒரு கட்டணம் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதி. அவருடைய குழுவில் இதற்கு இரண்டு கூட்டம் சண்டை நடந்தது, மூன்றாவது கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

சாயம் போட்ட நூல் மாதிரிகளும், மூலை எழுத்து போட்ட ஒரு பழைய விரிப்பும் பின்னால் மேசையில் வைத்திருக்கிறோம். மணிக் கணக்கு எழுதும் தாளை நம் நோட்டுக்குத் தகுந்த மாதிரி போட்டு, குழுவுக்கு ஒன்று வீதம் நகல் எடுத்திருக்கிறோம், பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விரிப்பைத் தொட்டுப் பாருங்க, பிரித்துப் பாருங்க, சாப்பிட்ட கையோட மட்டும் வேண்டாம்.